பன்னிரண்டு நிமிட ஆட்டக்காரன்

வாமதேவனுக்குப் பழைய உதைபந்தாட்ட அட்டை சேர்க்கிற விசர் பிடித்து எட்டு வருடமாகிறது. விசர் என்பது அவருடைய மனைவி யசோதா வைத்த பெயர். பெயரில் பிழை சொல்ல முடியாது. அறுபத்திரண்டு வயதில், கிழமை முழுக்கப் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்துக் குசினியில் சட்டி பானையோடு மாரடிக்கிற மனிதன், கிடைக்கிற ஒரே ஓய்வு நாளான திங்கட்கிழமையில் காலை நீட்டிப் படுக்காமல் சென் துவான் பழம்பொருள் சந்தைக்கு ஓடினால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சரி, சேர்க்கிறவர் பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகளையாவது சேர்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. உலகக் கோப்பையைத் தூக்கினவன், நூறு கோல் அடித்தவன் எல்லாம் பெட்டிக்குள் கிடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவருக்கு வேண்டியது வாழ்நாளில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர்கள். மிஞ்சிப் போனால் இரண்டு. மூன்றாவது ஆட்டம் ஆடிவிட்டால் அந்த ஆள் வாமதேவனின் கணக்கில் பெரிய மனிதர். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சூயிங்கம்மோடும் சொக்கிலேற்றோடும் வந்த அட்டைகள் அவை. சீசன் தொடங்குமுன்னரே கழகத்தில் இருக்கிற எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து அச்சடித்துவிடுவார்கள். யார் நிலைப்பான், யார் நாலு மாதத்தில் வீட்டுக்குப் போவான் என்று படம் எடுக்கிறவனுக்கும் தெரியாது, நிற்கிறவனுக்கும் தெரியாது. அதனால் எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. தலைமுடியை வழித்துச் சீவி, புதுச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்பிச் சிரிக்கிற சிரிப்பு. வாமதேவனால் அந்தச் சிரிப்பை இலேசில் கடந்து போக முடிவதில்லை.

சந்தையில்தான் லூசியன் பழக்கமானார். பாண்டிச்சேரிக்காரர். பாரிஸ் தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், முத்துமுத்தான கையெழுத்துக்காரர். வாமதேவனுக்குப் பிரெஞ்சு வாயில் வரும், கையில் வராது. ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. அட்டையைத் தேடிப் பிடிப்பது வாமதேவன். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஊரில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவது லூசியன். அட்டையையும், முத்திரை ஒட்டித் திரும்பி வரவேண்டிய விலாசம் எழுதிய உறையையும் உள்ளே வைத்து அனுப்புவார்கள். 'தயவுசெய்து அட்டையில் கையொப்பம் இடுங்கள். எத்தனை நிமிடம் ஆடினீர்கள், பிறகு ஏன் ஆடவில்லை என்று இரண்டு வரி எழுதினால் மகிழ்ச்சி.' எல்லாருக்கும் ஒரே கடிதம்தான்.

பாதிப் பேர் பதில் போட்டார்கள். எவரும் கேட்காத கேள்வியை யாரோ ஒரு தமிழன் கேட்டிருக்கிறான் என்றதும் இரண்டு வரி நாலு பக்கமாகிவிடும். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்ட கோல் காப்பாளர் ஒருவர், அந்த ஏழும் எப்படி வந்தன என்று படம் கீறி அனுப்பியிருந்தார். இன்னொருவர், குடிதான் காரணம், வேறு யாரிலும் பிழை இல்லை என்று எழுதியிருந்தார். மொரிஸ் கப்ரோல் என்கிற தபால்காரர், எழுபத்து நாலில் ஒன்பது நிமிடம் ஆடியவர், இப்படி எழுதியிருந்தார்: 'என்னைப் பிறகு எடுக்கவில்லை. நான் அந்த அளவுக்கு நன்றாக விளையாடவில்லை. அவ்வளவுதான் ஐயா. மற்றப்படி நலமாக இருக்கிறேன்.' அந்தக் கடிதத்தை லூசியனைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்து, மூன்றாம் தரம் வாமதேவன் எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சேர்ந்த அட்டைகளை ஒரு தடித்த அல்பத்தில், கண்ணாடித் தாள் பைகளுக்குள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும் லூசியன் பிரெஞ்சில் எழுதிய ஒரு சிறு துண்டு: பெயர், கழகம், ஆடிய நிமிடம், நின்றுபோன காரணம். கப்ரோலின் துண்டில் 'போதிய அளவு நன்றாக விளையாடவில்லை' என்று அவர் சொன்னபடியே இருந்தது. வாமதேவன் அதில் ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுக விடவில்லை.

இவ்வளவும் யாருக்காக என்று யசோதாவுக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் பிருந்தாபனுக்காக.

பிருந்தாபன் பாரிஸின் புறநகரான லா கூர்னெவில், அடுக்குமாடிகளுக்குக் கீழே பந்தடித்து வளர்ந்தவன். பதினைந்து வயதில் வடக்கே ஒரு கடலோர நகரத்துக் கழகம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. பத்து வருடங்களுக்கு முன், இருபது வயதில், இரண்டாம் பிரிவு ஆட்டமொன்றில் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் அவனை இறக்கினார்கள். பந்து அவன் காலில் ஐந்து தரம் பட்டது. வாமதேவன் எண்ணினார்.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைத்தான் மன்னிக்க முடியாது. சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஆட்களால் அது முடியுமா? பிறந்தநாளென்றாலும் படம், செத்தாலும் படம் என்று கடைக் கண்ணாடிகளை நிரப்பி வைத்திருக்கிறவர்கள்தானே. வாமதேவன் தலைகால் தெரியாமல் துள்ளினார். மகனின் ஆளுயரப் படத்தைப் போட்டு, 'பிரெஞ்சு மண்ணில் தடம் பதித்த எங்கள் செல்வத்தை வாழ்த்துகிறோம்' என்று அச்சடித்து, எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை ஒன்று விடாமல் ஒட்டினார். மெத்ரோ ஏற வருகிற வெள்ளைக்காரர்கூட நின்று பார்த்தார்கள். அந்த ஒரு மாதமும் வாமதேவனுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு கழகம் அவனை எடுக்கவில்லை. சீசன் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அடிபட்டதா என்றால் இல்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. அவனைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருந்தார்கள். பிருந்தாபன் அதை அழாமல் தொலைபேசியில் சொன்னான். கேட்ட வாமதேவன்தான் அழுதார்.

அடுத்த நாள் தலைமுடி வெட்டப் போன இடத்தில் ஒருவர் கேட்டார், "மகன் இனி எப்ப விளையாடுறார்?" கண்ணாடியில் மகனின் படம் இன்னும் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்துகொண்டு 'எடுக்கேல்லை' என்று எப்படிச் சொல்வது? "முழங்கால்," என்றார் வாமதேவன். "முழங்கால் போயிட்டுது." ஐயோ பாவம் என்றார்கள். முழங்காலுக்கு யாரும் குற்றம் சொல்வதில்லை. மாலைக்குள் லா சப்பல் முழுக்க முழங்கால்தான் பேச்சு.

மூன்று மாதம் கழித்து, யசோதாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. லா கூர்னெவில் பெரிய மண்டபம், நானூறு பேர். பிருந்தாபன் ரயிலால் இறங்கி நேரே வந்து, வாசல் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினான். வாமதேவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் காதுக்குள் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் நொண்டி நட. ஆக்கள் பாக்கினம். முழங்கால் எண்டு சொல்லிப்போட்டன்."

பிருந்தாபன் தகப்பனின் முகத்தையே பார்த்தான். பிறகு நொண்டினான். அந்த மாலை முழுக்க வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். நண்பர்கள் ஆடக் கூப்பிட்டபோது போகாமல் கதிரையில் இருந்தான். யாரோ ஒரு மாமி கால் நீட்டச் சின்ன முக்காலி கொண்டுவந்து போட்டாள். அதற்கும் நன்றி சொன்னான். மறுநாள் காலை லில் நகரத்துக்குப் போனவன்தான். அங்கே பஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் தாயோடு கதைப்பான். தகப்பன் எடுத்தால், "அம்மாட்டைக் குடுங்கோ," என்பான். லா சப்பலுக்கு வந்தது இரண்டோ மூன்று தரம், அதுவும் தாயின் ஏதாவது அலுவலுக்கு. வந்தபோதெல்லாம் கடைக்குக் கடை, "தம்பி, முழங்கால் எப்பிடி?" அவனும் தலை ஆட்டிவிட்டுப் போவான்.

இரண்டு வருடம் அப்படிப் போனபின்தான் வாமதேவன் சந்தைக்குப் போகத் தொடங்கினார். பிருந்தாபன் ஆடிய அந்த சீசனில் அவனுடைய கழகமும் ஒரு அட்டைத் தொகுதி அச்சடித்திருந்தது. மகனின் அட்டையும் அதில் இருந்தது. பிருந்தாபன் தன்னிடம் இருந்ததைக் கிழித்துவிட்டான் என்று யசோதா சொல்லியிருந்தாள். அதைத் தேடப் போன இடத்தில்தான் மற்றவர்கள் அகப்பட்டார்கள், பெட்டி பெட்டியாக, சிரித்துக்கொண்டு. மகனை அவர்களுக்கு நடுவில் வைக்கவேண்டும், 'பார் தம்பி, நீ தனிய இல்லை' என்று காட்டவேண்டும், அந்த மண்டபத்து வாசலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். எட்டு வருடமாக வாமதேவனின் மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

போன மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்தக் கழகத்தின் பழைய சாமான்கள் கிடந்த ஒரு பெட்டியின் அடியில், அட்டை கிடைத்தது. அட்டைக்குள் பிருந்தாபன் தலைமுடியை வழித்துச் சீவி, சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். வாமதேவன் சந்தையின் நடுவில் நின்று லூசியனைக் கட்டிப் பிடித்தார்.

மகனுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் எழுதுகிற அதே கடிதத்தையே எழுதினார்கள். "இதுதாங்க அழகு," என்றார் லூசியன். "பொறுங்க, அந்தச் சின்னத் துண்டும் இப்பவே எழுதி வச்சிடறேன். அட்டை திரும்பி வந்ததும் செருகிடலாம். பேரு, கழகம், பன்னிரண்டு நிமிஷம். காரணம் என்னன்னு போடணும் முசியே?"

"முழங்கால்," என்றார் வாமதேவன்.

பத்து வருடமாகப் பழகிய வாய். அட்டையின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லூசியனின் பேனை ஒரு கணம் நின்றது. "முழங்காலுங்களா?" என்று கேட்டார். "ஓம், முழங்கால்," என்றார். பேனை எழுதியது. துண்டு கடைசிப் பக்கத்து வெறும் பைக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு வாமதேவன் அதை நினைக்கவே இல்லை.

பதில் தபாலில் வரவில்லை. தாயின் தொலைபேசிக்கு வந்தது: 'திங்கள் இரண்டு மணிக்கு கார் து நோர் ஸ்டேஷன். அப்பாவை வரச் சொல்லுங்கோ. அட்டையை நானே கொண்டு வாறன்.'

யசோதா வரவில்லை. "நீங்களும் அவனும் கதையுங்கோ. நான் வந்தால் இரண்டு பேரும் என்னோடைதான் கதைப்பியள்," என்றாள். வாமதேவன் அல்பத்தை ஒரு புடவைக்கடைப் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனார். ரயிலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்: 'அண்டைக்கு உன்னை நொண்டச் சொன்னது என்ரை பிழை தம்பி.' சின்ன வசனம். ஆனாலும் இரண்டு இடத்தில் தடக்கியது.

பிருந்தாபன் உடம்பு வைத்திருந்தான். தாடியில் ஒரு நரை. "அல்பத்தைக் காட்டுங்கோ அப்பா, எங்கையெண்டாலும் இருப்பம்," என்றான். வாமதேவனுக்கு லா சப்பலை விட்டால் வேறு இடம் தெரியாது. தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் நடந்தார். மகனும் மறுக்காமல் கூட வந்தான். தொலைபேசிக் கடை வாசலில் நின்ற குணரத்தினம் கையை உயர்த்தினான்.

"அட, தம்பி! கண்டு எவ்வளவு காலம். முழங்கால் எப்பிடி?"

பிருந்தாபன் தகப்பனை ஒருதரம் பார்த்தான். "பரவாயில்லை மாமா," என்றான்.

சாப்பாட்டுக் கடையின் பின் மேசையில் இருந்தார்கள். ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தன. பிருந்தாபன் கையைத் துடைத்துவிட்டு அல்பத்தைத் திறந்தான். முதலில் சும்மா புரட்டினான். பிறகு நின்று நின்று வாசித்தான். ஏழு கோல்காரர் கீறிய படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "மூன்றாவது கோலுக்கு இவர் இஞ்சை ஏன் நிக்கிறார்?" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து கேட்டான். வாமதேவனும் சிரித்தார். மகன் தன்னோடு சிரித்து எத்தனை வருடம்! அந்த அரைமணி நேரம் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாய்க்குள் வைத்திருந்த வசனத்தைக்கூடக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

கப்ரோலின் பக்கத்தில் பிருந்தாபன் நீண்ட நேரம் நின்றான். துண்டை விரலால் தொட்டான். "இதை அவரே எழுதினவரோ?"

"ஓம். அப்பிடியே எழுதினவர். நாங்கள் ஒண்டும் மாத்தேல்லை."

"நல்ல மனிசன்," என்றான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். கையொப்பம் போட்டிருந்தது. அதற்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரியும் எழுதியிருந்தான். வாமதேவனுக்குக் கண் கலங்கியது. "கடைசிப் பக்கம் தம்பி. உனக்கெண்டு வைச்சிருக்கிறன். நீயே செருகு."

பிருந்தாபன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். வெறும் பை. அதற்குக் கீழே லூசியனின் முத்து எழுத்தில் அவனுடைய பெயர். பன்னிரண்டு நிமிடம். முழங்கால்.

அட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது. வாமதேவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு துண்டைப் பார்த்தார்.

"தம்பி, அது... அது பழக்கத்திலை..."

"இவர் குடிகாரர் எண்டு எழுதியிருக்கிறியள்." பிருந்தாபன் சத்தம் போடவில்லை. இப்போது முழுக்கத் தமிழிலேயே, சின்னப் பிள்ளையில் பேசிய தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசினான். "இவருக்கு ஏழு கோல். இவருக்கு விளையாட்டுக் காணாது. எல்லாருக்கும் உண்மை. எனக்கு மட்டும் பொய்."

"நான் மாத்திறன். இப்பவே மாத்திறன்."

"எனக்கு முழங்காலிலை ஒண்டுமில்லை அப்பா. என்னை எடுக்கேல்லை. நான் காணாது. அதைச் சொல்ல நான் எப்பவோ பழகிட்டன். உங்களுக்குத்தான் ஏலாமக் கிடக்கு. ஆரோ பிற மனிசர் தோத்தா உங்களுக்கு வடிவாயிருக்கு. நான் தோத்தா வெக்கமாயிருக்கு."

"வெக்கமில்லை தம்பி..."

"இந்தப் புத்தகத்தை ஆர் பாக்கிறது? நீங்களும் கடிதம் எழுதுற அந்த முசியேயும்தானே. இதுக்குள்ளையும் நான் நொண்டவேணுமோ?"

வாமதேவன் வாயைத் திறந்தார். ரயிலில் சொல்லிப் பார்த்த வசனம் வரவில்லை. எது வந்தாலும் இனி அது பொய்யாகத்தான் கேட்கும் என்று அவருக்கே தெரிந்தது. பிருந்தாபன் அட்டையை எடுத்துத் தன் பைக்குள் திரும்ப வைத்தான். எழுந்து, தகப்பனின் தோளில் ஒரு கணம் கையை வைத்தான். அந்தக் கை கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அது கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தது.

வாமதேவன் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். வாசலுக்கு வந்தபோது மகன் ஸ்டேஷன் பக்கத்துச் சனத்துக்குள் போய்க்கொண்டிருந்தான். நேரான, நல்ல நடை. சனம் அவனை மூடிக்கொண்டது.

குணரத்தினம் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தான். "என்ன அண்ணை, தம்பி அதுக்குள்ளை போயிட்டாரே?"

பத்து வருடம் தொண்டைக்குள் கிடந்தது வெளியே வந்தது. "குணம், அவன்ரை முழங்காலிலை ஒண்டுமில்லை. ஒரு நாளும் ஒண்டும் இருக்கேல்லை. அவனை எடுக்கேல்லை. நான் பொய் சொன்னனான்." கடைக்குள் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

குணரத்தினம் ஆச்சரியப்படவில்லை. அல்பத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கண்ணாடிப் பெட்டி மேலே வைத்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"அந்தக் கிழமையே தெரியும். எடுக்கேல்லையெண்டு கழகமே இன்ரநெற்றிலை போட்டிருந்தது. எங்கடை பெடியள் எல்லாரும் பாத்தவங்கள். எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் பத்து வருசமா முழங்கால் முழங்கால் எண்டு கேட்டனீங்கள்?"

"நீங்கள் சொன்னனீங்கள் அண்ணை. கேக்காமல் விட்டால், நாங்கள் நம்பேல்லையெண்டு கவலைப்படுவியள். உங்களுக்காகத்தான் கேட்டனாங்கள்."

வாமதேவன் கதிரையில் இருந்தார். அந்த மண்டபம் கண்ணுக்குள் வந்தது. நானூறு பேர். முக்காலி கொண்டுவந்த மாமிக்கும் தெரிந்திருந்தது. நொண்டிக்கொண்டு போன பிள்ளைக்கு வழிவிட்டு விலகிய அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னாலும் தன் பிள்ளையை வீணுக்கு நொண்ட வைத்திருக்கிறார்.

"அவனுக்கு அது தெரியாமல் போச்சே குணம். உங்களுக்கெல்லாம் தெரியுமெண்டு தெரியாமல் அவன் பாவம்..."

குணரத்தினம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தச் சாமத்தியவீட்டண்டைக்கே அவரிட்டை சொன்னனான் அண்ணை. மண்டபத்துப் பின் வாசலிலை தனிய நிண்டவர், ரண்டு காலையும் நல்லா ஊண்டிக்கொண்டு. நான் போய், 'தம்பி, எங்கள் எல்லாருக்கும் தெரியும், நீர் நொண்டத் தேவையில்லை, போய் ஆடும்' எண்டு சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"'அப்பா பாத்துக்கொண்டு நிக்கிறார் மாமா' எண்டார். அப்பிடிச் சொல்லிப்போட்டுத் திரும்பவும் காலை இழுத்துக்கொண்டு உள்ளை போனார்."